ஹாலில் ரிசீவர், மாடியில் மோடம்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணே. கெப்போங்கில் இரண்டு மாடி வரிசை வீடு எங்களுடையது. மைத்துனர் புது ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கியதால், 2015-இல் வாங்கிய பழையதை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். ஐந்து ஸ்பீக்கரும் சப்வூஃபரும் மாட்டி டிவியில் படம் பார்த்தால் சத்தம் அருமையாக இருக்கிறது. ஆனால் வைஃபையில் மட்டும் சேர மாட்டேன் என்கிறது. மோடம் மேல்மாடி அறையில் இருக்கிறது. கைப்பேசியில் எங்கள் வைஃபை பெயர் தெரிகிறது, ரிசீவர் காட்டும் பட்டியலில் பக்கத்து வீட்டுப் பெயர்கள்தான் வருகின்றன. ஒரு நாள் மகன் ஏதோ செய்து சேர்த்துவிட்டான், மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடி அறுந்துபோயிருந்தது. கடையில் கேட்டால் 'பழைய சாமான், மாத்திடுங்க' என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? (வாசகர், கெப்போங்)

பதில்: மாற்ற வேண்டாம் தம்பி. ஸ்பீக்கர்கள் ஒழுங்காகப் பாடுகின்றன, படம் பார்க்க முடிகிறது என்றால் அந்த ரிசீவரின் உயிர் நன்றாகவே இருக்கிறது. பத்து வருஷம் ஆன ரிசீவரின் ஆம்ப்ளிஃபையர் இன்றைய புது ரிசீவரின் ஆம்ப்ளிஃபையருக்குப் பெரிதாக ஒன்றும் குறைந்ததில்லை. பழசாகிப்போனது அதிலிருக்கும் சின்ன வைஃபை அட்டை மட்டும்தான், அதற்காக முழுப் பெட்டியையும் தூக்கி எறிவது பாவம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இந்த வைஃபை உங்களுக்கு எதற்கு வேண்டும்? டிவியில் நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் பார்க்கும்போது சத்தம் ரிசீவர் வழியாக வர வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், ரிசீவருக்கு வைஃபையே தேவையில்லை. டிவி வைஃபையில் இருந்தால் போதும், சத்தம் எச்டிஎம்ஐ கேபிள் வழியாகத் திரும்பி ரிசீவருக்கு வந்துவிடும். டிவியின் பின்னால் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் துளையிலிருந்து ரிசீவரின் எச்டிஎம்ஐ அவுட் துளைக்கு கேபிள் போக வேண்டும், இரண்டு பக்கமும் மெனுவில் அதை ஆன் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த வசதி 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4-இலேயே இருக்கிறது. வைஃபையோடு மல்லுக்கட்டும் வீடுகளில் பலவற்றுக்கு உண்மையில் வேண்டியது இந்த ஒரு கேபிள்தான்.

ரிசீவரின் வைஃபை உதவுவது வேறு வேலைகளுக்கு. கைப்பேசியிலிருந்து ஸ்பாட்டிஃபை, ஏர்பிளே வழியாகப் பாட்டு அனுப்ப, இணைய வானொலி கேட்க, வீட்டுக் கணினியில் சேர்த்து வைத்த பாட்டுகளை இழுத்து ஒலிக்க, கைப்பேசியையே ரிமோட்டாக வைத்துக்கொள்ள, ரிசீவரின் மென்பொருளைப் புதுப்பிக்க. இதில் எதற்கும் பெரிய வேகம் வேண்டியதில்லை. ஸ்பாட்டிஃபையில் சுருக்கிய ஒலியின் உயர்ந்த தரம் விநாடிக்கு 320 கிலோபிட். குறுந்தட்டின் ஒலியை அப்படியே சுருக்காமல் அனுப்பினாலும் 1,411 கிலோபிட், அதாவது ஒன்றரை மெகாபிட்டுக்கும் குறைவு. உங்கள் வீட்டில் 100 மெகாபிட் இணைப்பா, 500 மெகாபிட் இணைப்பா என்பது ரிசீவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே 'இன்னும் வேகமான பிளானுக்கு மாறுங்கள்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்கு வேண்டியது அறுந்துபோகாத சீரான சிக்னல்.

இப்போது உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுப் பெயர்கள் தெரிகின்றன, உங்கள் பெயர் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. ரிசீவரின் வைஃபை வேலை செய்கிறது, ஆன்டெனாவும் உயிரோடு இருக்கிறது. உங்கள் மோடம் பேசும் பாஷைதான் அதன் காதில் விழவில்லை. வைஃபை இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது, ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ். அந்தக் காலத்தில் வந்த ரிசீவர்களில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே கேட்கும். உங்கள் மோடத்தில் யாராவது 2.4-ஐ அணைத்து வைத்திருக்கலாம், அல்லது இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து நீங்கள் 5 என்று முடியும் பெயரை ரிசீவரில் தேடிக்கொண்டிருக்கலாம். கணினியிலோ கைப்பேசியிலோ மோடத்தின் பக்கத்தைத் திறந்து (முகவரியும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும்) 2.4 ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆகியிருந்தும் தெரியவில்லை என்றால் அங்கேயே மூன்று இடங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, சேனல். 2.4-இல் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல் உண்டு. ஆனால் அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த சாதனங்கள் 11-க்கு மேல் கேட்காது. மோடம் 'ஆட்டோ'வில் இருந்து தானாகவே 12-க்கோ 13-க்கோ போய் உட்கார்ந்துவிட்டால் ரிசீவருக்கு அது இல்லாத வைஃபை. மகன் ஒரு நாள் சேர்த்து மறுநாள் அறுந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், ஏனென்றால் ராத்திரியில் மோடம் சேனலை மாற்றிக்கொள்ளும். ஆட்டோவை எடுத்துவிட்டு 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றைக் கையால் வையுங்கள். இந்த மூன்றும்தான் ஒன்றையொன்று மிதிக்காதவை. சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். (மைத்துனர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியாக இருந்தால் பின்னால் மின்சார அளவையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஜப்பான் உள்நாட்டுப் பெட்டி 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட். நம் சுவரிலிருந்து வருவது அதைப்போல இரண்டு மடங்கு. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராகச் செருகினால் போச்சு.)

இரண்டு, பாதுகாப்பு முறை. 2018-இல் டபிள்யூபிஏ3 என்று ஒன்று வந்தது. புது மோடம்களில் அது மட்டும் ஆன் ஆகியிருந்தால் 2015 ரிசீவருக்குப் புரியாது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வையுங்கள், அல்லது இரண்டும் கலந்த முறையில் வையுங்கள். அதற்காகப் பாதுகாப்பையே எடுத்துவிட்டுத் திறந்து போடாதீர்கள். பழைய டபிள்யூஇபி-க்கும் போக வேண்டாம், அது பல வருஷங்களுக்கு முன்பே உடைக்கப்பட்டுவிட்டது.

மூன்று, மோடம் வைஃபை 6 வகையாக இருந்தால் 2.4-இன் முறையை பி, ஜி, என் என்ற பழைய கலவைக்கு மாற்றிப் பாருங்கள். சில பழைய சாதனங்கள் புது முறையில் வரும் அறிவிப்பைப் படிக்கத் தெரியாமல் அந்தப் பெயரையே பட்டியலில் காட்டாது.

இவ்வளவும் சரியாகிப் பெயர் தெரிந்துவிட்டது என்று வையுங்கள். அப்புறம் கடவுச்சொல். இதில்தான் நிறைய பேர் மனம் உடைந்துபோகிறார்கள். டிவி திரையில் ஒரு சின்னக் கட்டம், ரிமோட்டின் அம்புக்குறியால் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து நகர்ந்து அடிக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. ஓ எழுத்தும் சுழியமும் ஒன்றுபோலவே இருக்கும், ஐ எழுத்தும் ஒன்றும் அப்படியே. சில ரிசீவர்களில் ஒரு எழுத்தைத் தேர்ந்தெடுத்து நடுப் பொத்தானை அழுத்தினால்தான் பதியும், அம்புக்குறியை அடுத்த எழுத்துக்கு நகர்த்தினால் முந்தையது காணாமல் போய்விடும். ஒருவர் காகிதத்தைப் பார்த்து எழுத்து எழுத்தாக வாசிக்க, இன்னொருவர் அழுத்துங்கள், பிழை வராது. ஐபோன் வைத்திருந்தால் இந்தச் சிரமமே வேண்டாம். ஏர்பிளே உள்ள ரிசீவர் என்றால், ஐபோனின் வைஃபை பக்கத்தில் கீழே புது ஏர்பிளே ஸ்பீக்கரை அமைக்கலாம் என்று ரிசீவரின் பெயர் வந்து நிற்கும், அதைத் தொட்டால் கடவுச்சொல்லை ஐபோனே கொடுத்துவிடும். அப்போது ஐபோன் 2.4 பெயரில்தான் இருக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

சரி, இப்போது ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு டிவி அலமாரியின் பின்னால் போங்கள். செந்தூலில் என் சித்தப்பா வீட்டில் இப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க மெனுவிலேயே தேடிக்கொண்டிருந்தோம், கடைசியில் காரணம் பின்னால் இருந்தது. ரிசீவரின் முதுகில் இரண்டு ஓரத்திலும் கருப்பாக விரல் நீளத்துக்கு இரண்டு குச்சிகள் இருக்கும், அவைதான் ஆன்டெனா. இரண்டும் மடங்கிக் கிடந்தன. ஒன்று ஸ்பீக்கர் வயர்க் கட்டுக்குள் மாட்டியிருந்தது, இன்னொன்று சுவரோடு ஒட்டி நசுங்கியிருந்தது. அலமாரியின் பின்பலகை இரும்புத் தகடு. ரிசீவரின் தலைமேல் ஆஸ்ட்ரோ டிகோடர், பக்கத்தில் மீன் தொட்டி. தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும், இரும்பு திருப்பி அடித்துவிடும். வயர்களை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டி, பெட்டியை ஒரு சாண் முன்னால் இழுத்து, இரண்டு குச்சிகளையும் நேராக நிமிர்த்தி வைத்தோம். ஒரு கோடு காட்டிக்கொண்டிருந்த சிக்னல் மூன்று கோடாக ஏறியது. சித்தப்பா அதன் பிறகு அந்தக் குச்சிகளைத் துணியால் துடைத்துக்கூட வைக்கிறார், அப்படியே நிமிர்ந்து நிற்கின்றன. பெட்டிக்கு மூச்சுவிட இடம் கிடைத்ததால் சூடும் குறைந்தது, அது தனி லாபம்.

உங்கள் மோடம் மேல்மாடியில். நடுவில் இருப்பது கம்பி கட்டி ஊற்றிய காங்கிரீட் தளம். 2.4 அலை அதைத் தாண்டும், ஆனால் இளைத்துப்போய்த்தான் கீழே வரும். முடிந்தால் மோடத்தை அறை மூலையிலிருந்து எடுத்து மாடிப்படிப் பக்கம் வையுங்கள். படிக்கட்டு இருக்கும் இடத்தில் தளம் திறந்திருப்பதால் அலை அந்த வழியாக இறங்கிவிடும். ஃபைபர் கேபிள் எட்டாது என்றால் மோடத்தோடு இழுபறி வேண்டாம், அந்தக் கண்ணாடி இழையை மடித்தால் உடையும்.

மறுநாள் அறுந்ததற்கு இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, ரிமோட்டில் அணைத்ததும் ரிசீவர் வைஃபையையும் சேர்த்தே அணைத்துவிடும். மெனுவில் நெட்வொர்க் ஸ்டாண்ட்பை அல்லது நெட்வொர்க் கன்ட்ரோல் என்று இருப்பதை ஆன் செய்தால் தூக்கத்திலும் வைஃபையைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு, மோடம் கொடுக்கும் ஐபி முகவரி. நெட்வொர்க் தகவல் பக்கத்தில் 192.168 என்று தொடங்கினால் நல்லது. 169.254 என்று தொடங்கினால் மோடம் முகவரி தரவில்லை, ரிசீவர் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மோடத்தை அணைத்து ஒரு நிமிஷம் கழித்துப் போடுங்கள், அது முழுதாக எழுந்த பிறகு ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கிச் செருகுங்கள். பிறகு மோடத்தின் பக்கத்திலேயே இந்த ரிசீவருக்கு இந்த முகவரிதான் என்று ஒதுக்கி வைத்துவிட்டால் தினமும் மாறாது.

இவ்வளவு செய்தும் அடம்பிடித்தால் லேன் கேபிள். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான், ஆனால் மாடியிலிருந்து கேபிள் இழுக்க வேண்டும் என்றால் வீட்டில் யாரும் முதல் நாளே சம்மதிக்க மாட்டார்கள். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீட்டுக்கு 20 மீட்டர் இருந்தால் தாராளம். சுவரும் கூரையும் சேரும் விளிம்பில் வெள்ளைக் கேசிங்கில் கொண்டுபோனால் கண்ணில் படாது. இல்லையென்றால் லேன் துளை உள்ள ஒரு மெஷ் பெட்டியை ஹாலில் வைத்து, அதிலிருந்து ஒரு முழ நீளக் கேபிளை ரிசீவருக்குப் போடுங்கள். மெஷ் பெட்டி மாடியோடு வைஃபையில் பேசிக்கொள்ளும், ரிசீவருக்கு அது வயர் இணைப்பு. பழைய ரிசீவருக்கு இதைவிட நிம்மதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை. 2.4, 5, டபிள்யூபிஏ3 எல்லாத் தொல்லையும் ஒரே அடியில் போய்விடுகிறது. கேபிளைச் செருகிய பிறகு மெனுவில் வயர்லெஸ் என்றிருப்பதை வயர்ட் என்று மாற்ற மறக்காதீர்கள், எல்லா ரிசீவரும் தானாக மாறாது.

---

கேள்வி: எங்கள் ரிசீவரில் ஆன்டெனாக் குச்சியே இல்லை, லேன் துளை மட்டும் இருக்கிறது. முன்பக்கம் யூஎஸ்பி இருக்கிறதே, அதில் கணினிக்கு விற்கும் சின்ன வைஃபை குச்சியைச் செருகினால் போதாதா? கடைக்காரர் வேலை செய்யும் என்று கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. (வாசகி, செத்தாப்பாக்)

பதில்: நடக்காது அம்மா. அந்த முன்பக்கத் துளை பென்டிரைவிலிருந்து பாட்டுப் படிப்பதற்கு மட்டும்தான். வைஃபை குச்சியைப் பேச வைக்கும் மென்பொருள் ரிசீவருக்குள் இருந்தால்தான் அது வேலை செய்யும். சில நிறுவனங்கள் தங்கள் ரிசீவருக்கென்றே தனிக் குச்சி விற்றார்கள், ஆன்கியோவின் யூடபிள்யூஎஃப்-1 அப்படிப்பட்டது. அதை இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் செருகினால் பயனில்லை. குச்சியை ரசீதோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லோ யாட்டிலோ பூடு ஜாலான் பாசாரிலோ லேன் துளை உள்ள வைஃபை எக்ஸ்டெண்டர் (மோடத்தின் வைஃபையை வாங்கி, லேன் கேபிள் வழியாக ரிசீவருக்குக் கொடுக்கும் பெட்டி) ஒன்று கேட்டு வாங்குங்கள், 'லேன் போர்ட் இருக்க வேண்டும்' என்பதை அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் அது இல்லாத மாடல்களும் அதே விலையில் இருக்கின்றன. எக்ஸ்டெண்டரில் வேகம் பாதியாகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். பாட்டுக்கு அந்தப் பாதியில் ஒரு துளி போதும்.

---

கேள்வி: ரிசீவர் வைஃபையில் சேர்ந்துவிட்டது, இணைய வானொலிகூடப் பாடுகிறது. ஆனால் கைப்பேசியில் உள்ள ரிமோட் ஆப்பைத் திறந்தால் 'சாதனம் கிடைக்கவில்லை' என்றுதான் வருகிறது. மூன்று வாரமாகப் போராடுகிறேன். (வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: வானொலி பாடுகிறது என்றால் ரிசீவர் இணையத்துக்குப் போகும் வழி திறந்திருக்கிறது. கைப்பேசிக்கும் ரிசீவருக்கும் நடுவில்தான் சுவர். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் போதாது, ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். ஆப் ரிசீவரைத் தேடும்போது 'இங்கே யாராவது இருக்கிறீர்களா' என்று அந்த நெட்வொர்க்குக்குள் மட்டும்தான் குரல் கொடுக்கும், அடுத்த நெட்வொர்க்குக்கு அந்தக் குரல் போகாது.

நம் ஊரில் இதற்கு மிகப் பொதுவான காரணம் இரண்டு ரவுட்டர் (நாம் மோடம் என்று சொல்லும் வைஃபை பெட்டி). இணைய நிறுவனம் கொடுத்தது ஒன்று, அது போதவில்லை என்று நீங்கள் வாங்கி அதன் வாலில் மாட்டியது இன்னொன்று, இரண்டும் வைஃபை கொடுத்துக்கொண்டிருக்கும். கைப்பேசி ஒன்றில், ரிசீவர் மற்றொன்றில். சோதித்துப் பார்ப்பது சுலபம். ரிசீவரின் நெட்வொர்க் தகவலில் உள்ள ஐபி முகவரியையும் கைப்பேசியின் ஐபி முகவரியையும் ஒரு தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 192.168.0 என்றும் மற்றொன்று 192.168.1 என்றும் தொடங்கினால் திருடன் அகப்பட்டான். இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் முறை) மாற்றுங்கள், அல்லது முதலாவதின் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

எண்கள் ஒன்றாக இருந்தால் வேறு நாலு இடம் பாருங்கள். கைப்பேசி விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா? விருந்தினர் வைஃபை என்பதே வீட்டுச் சாதனங்களைக் கண்ணில் காட்டாமல் இருக்கத்தான். மோடத்தில் ஏபி ஐசோலேஷன் ஆன் ஆகியிருக்கிறதா? அதுவும் அதே வேலையைத்தான் செய்யும். கைப்பேசியில் விபிஎன் ஓடுகிறதா? ஐபோன் என்றால், 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ஒவ்வொரு ஆப்பும் வீட்டு நெட்வொர்க்கைத் தேட அனுமதி கேட்கும். முதல் தடவை அவசரத்தில் 'வேண்டாம்' என்று தொட்டிருந்தால் அதன் பிறகு அது கேட்கவே கேட்காது, ரிசீவரும் என்றைக்கும் தெரியாது. செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் லோக்கல் நெட்வொர்க், அங்கே ஆப்பின் பெயருக்கு எதிரே பச்சையாக்குங்கள். மூன்று வாரம் போராடினேன் என்கிறீர்களே, எனக்கு இந்த இடத்தின் மேல்தான் சந்தேகம் அதிகம்.

கைப்பேசி 5-இலும் ரிசீவர் 2.4-இலும் இருப்பது தப்பில்லை, அதை நினைத்துக் குழம்ப வேண்டாம். ஒரே ரவுட்டரின் இரண்டு அலைவரிசைகள் ஒரே நெட்வொர்க்தான்.

---

கேள்வி: ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு. கீழே எங்கள் மளிகைக் கடை, மேலே குடியிருக்கிறோம். பகலில் பாட்டு நன்றாக ஓடுகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு மூன்று தடவை நின்று நின்று போகிறது. அப்பாவுக்கு ராத்திரி பழைய பாட்டு கேட்காமல் தூக்கம் வராது. (வாசகி, ஜார்ஜ் டவுன்)

பதில்: நேரத்தைக் குறித்து எழுதியது நல்ல உதவி. ஏழு மணிக்கு மேல் என்றால் தெரு முழுக்க எல்லாரும் வீடு திரும்பி வைஃபையைப் பிடித்துக்கொள்ளும் நேரம். கடைவீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பவை, அக்கம்பக்கத்து 2.4 எல்லாம் ஒரே சந்தைக்கடையாகிவிடும். கைப்பேசியில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டு, ராத்திரி எட்டு மணிக்கு, ரிசீவரின் பக்கத்தில் நின்று பாருங்கள். மோடத்தின் பக்கத்தில் நின்று பார்த்துப் பயனில்லை. 1, 6, 11 மூன்றில் எதில் கூட்டம் குறைவோ அதில் மோடத்தை வையுங்கள்.

வீட்டுக்குள்ளேயே குறுக்கே வருபவையும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் சமைக்கிறது, மூடிய கதவையும் மீறிக் கொஞ்சம் கசியும், ஆளுக்கு ஆபத்தில்லை, ஆனால் வைஃபைக்குப் போதும். இரவுச் சாப்பாட்டைச் சூடாக்கும் நேரமும் பாட்டு நிற்கும் நேரமும் ஒன்றா என்று இரண்டு நாள் கவனியுங்கள். டிவிக்குப் பின்னால் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்தால் அதையும் ஒரு ராத்திரி கழற்றி வையுங்கள். அந்த இணைப்பு 2.4 பக்கம் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் அது இருக்கவே கூடாது. ரிசீவர் 5 கிகாஹெர்ட்ஸும் கேட்கும் மாடல் என்றால் அதற்கு மாற்றுங்கள், சேனலை 36 முதல் 48-க்குள் வையுங்கள். 52 முதல் மேலே உள்ள சேனல்கள் பலவற்றில் ரேடார் வந்தால் மோடம் விலகிப்போக வேண்டும் என்பது விதி, அப்போது பாட்டும் போகும். ஆனால் 5 அலை, 2.4 அலையின் நீளத்தில் பாதி, சுமார் 6 சென்டிமீட்டர்தான், கடைவீட்டின் தடித்த செங்கல் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும்.

மோடம் கீழே கடையிலும் ரிசீவர் மேலேயும் என்றால் பவர்லைன் அடாப்டர் நல்ல வழி. ஒன்று மோடத்தின் பக்கத்துப் பிளக்கில், ஒன்று ரிசீவரின் பக்கத்துப் பிளக்கில். வீட்டு மின்கம்பியே லேன் கேபிளாகிவிடும், சுவரில் ஓட்டை போட வேண்டாம். இரண்டு பிளக்கும் ஒரே டிபி பெட்டியிலிருந்து (வீட்டு மின் இணைப்புகள் பிரியும் பெட்டி) வர வேண்டும். கடைக்குத் தனி மீட்டர், வீட்டுக்குத் தனி மீட்டர் என்றால் இது ஒத்துவராது, மூன்று ஃபேஸ் இணைப்பிலும் சில நேரம் தடுமாறும். எக்ஸ்டென்ஷன் கட்டையில் செருகாமல் நேராகச் சுவரில் செருகுங்கள். வாங்கும்போதே, வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

அதுவரைக்கும் அப்பாவுக்கு ஒரு வழி. அவருக்குப் பிடித்த பாட்டுகளை ஒரு பென்டிரைவில் ஏற்றி ரிசீவரின் முன்பக்கத் துளையில் செருகிவிடுங்கள். வைஃபையே வேண்டாம், இன்று ராத்திரியே தூங்குவார்.

---

கேள்வி: டபிள்யூபிஎஸ் பொத்தானை அழுத்தினால் கடவுச்சொல்லே வேண்டாம் என்கிறார்கள். அது ஆபத்து என்றும் சொல்கிறார்கள். அழுத்தலாமா கூடாதா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: அழுத்தலாம். ஆபத்து என்று சொன்னது அதன் இன்னொரு முறையை, எட்டு இலக்க பின் எண்ணை. அதை மணிக்கணக்கில் ஊகித்து உடைக்க முடியும் என்று 2011 கடைசியில் தெரியவந்தது. பொத்தான் முறையில் நீங்கள் வீட்டுக்குள் நின்று அழுத்த வேண்டும், இரண்டு நிமிஷம்தான் வாசல் திறந்திருக்கும். ரிசீவரின் மெனுவில் முதலில் டபிள்யூபிஎஸ்-ஐத் தொடங்கிவிட்டு மாடிக்கு ஓடி மோடத்தில் அழுத்துங்கள். சேர்ந்த பிறகு மோடத்தின் பக்கத்தில் பின் எண் முறையை அணைத்துவிடுங்கள். மோடம் டபிள்யூபிஏ3-இல் மட்டும் இருந்தாலோ வைஃபை பெயரை மறைத்து வைத்திருந்தாலோ இந்தப் பொத்தான் வேலை செய்யாது.

---

கேள்வி: நெட்வொர்க் ஸ்டாண்ட்பை எந்நேரமும் ஆனில் இருந்தால் மின்கட்டணம் ஏறாதா? இடி மழை நேரத்தில் என்ன செய்வது? (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: சில வாட்தான் இழுக்கும். ஒரு மாதம் முழுக்கச் சேர்த்தாலும் ஏர்கோன் ஒரு ராத்திரி ஓடுவதைவிடக் குறைவாகவே இருக்கும். சில மாடல்களில் மட்டும் இதை ஆன் செய்தால் பெட்டி தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், அப்படியென்றால் கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறது. கைப்பேசியிலிருந்து ரிசீவரை எழுப்பும் பழக்கம் உங்களுக்கு இல்லையென்றால் அணைத்தே வையுங்கள், பாட்டு கேட்கும்போது ரிமோட்டில் போட்டால் அரை நிமிஷத்தில் வைஃபையைத் தானே தேடிக்கொள்ளும்.

இடி பற்றிக் கேட்டது மிக முக்கியம் அம்மா. கோலாலம்பூரில் சாயங்கால இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் பிளக்கைப் பிடுங்குகிறார்கள், லேன் கேபிளை விட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. ரிசீவரின் பிளக்கைக் கழற்றிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தோம், மோடம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னல் மோடத்தின் மின்சாரம் வழியாக ஏறி, லேன் கேபிள் வழியாக இறங்கி, ரிசீவரின் லேன் துளையைச் சுட்டுவிட்டது. மறுநாள் போட்டால் சத்தம் வருகிறது, படம் வருகிறது, எல்லாம் முன்போலவே இருக்கிறது, லேன் துளையின் பச்சை விளக்கு மட்டும் அதன் பிறகு எரியவே இல்லை. ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் அதன் முனையில் இருக்கும் மோடம் சுவர்ப் பிளக்கில்தானே இருக்கிறது. ஆகவே வானம் கறுத்ததும் மூன்றையும் கழற்றுங்கள்: ரிசீவரின் பிளக், மோடத்தின் பிளக், நடுவில் லேன் கேபிள். ஆஸ்ட்ரோ தட்டிலிருந்து வரும் கேபிள் டிகோடரில் இருந்தால் அதையும். ரிசீவரை வைஃபையில் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் கவலை குறைவு, கழற்ற லேன் கேபிள் இல்லை.

மழை விட்டதும் மோடத்தை முதலில் போடுங்கள். அதன் இணைய விளக்கு நிலையாக எரிந்த பிறகு ரிசீவரைப் போடுங்கள். மாற்றிப் போட்டால் முகவரி கிடைக்காமல் 169.254-இல் போய் உட்கார்ந்துகொள்ளும், கெப்போங் தம்பிக்குச் சொன்ன அதே கதை.